அணைய மறுக்கும் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை ஷட் டவுன் தொடர்பான கேள்விகளை மட்டும் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்களுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். ‘ஷட்டிங் டவுன்’ என்ற எழுத்து திரையில் இருக்கும்போதே நின்றால், விண்டோஸுக்குள் ஏதோ ஒன்று வெளியேற மறுக்கிறது. திரை கறுத்த பிறகும் ஃபேன் சுற்றினால், விண்டோஸ் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தும் கட்டத்தில்தான் கோளாறு. முழுக்க அணைந்துவிட்டுத் தானாக மறுபடி எழுந்தால் அது மூன்றாவது வகை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராக விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதால்தான் பலருடைய நேரம் வீணாகிறது.

கே: ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடுகிறது. ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பவர் விளக்கும் எரிகிறது. அரை மணி நேரம் விட்டாலும் அப்படியே. ரீஸ்டார்ட் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ப: ரீஸ்டார்ட் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் என்பது பழைய அர்த்தத்தில் முழு ஷட் டவுன் இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கும்போது விண்டோஸ் உங்கள் ப்ரோகிராம்களை மூடி, உங்களை லாக் ஆஃப் செய்துவிட்டு, தன் உட்கருவான கெர்னலையும், கருவிகளை இயக்கும் மென்பொருள்களான ட்ரைவர்களையும் மட்டும் அந்த நிலையிலேயே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைக்கிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படித்து எழுவதால் சீக்கிரம் தயாராகிறது. ரீஸ்டார்ட்டில் இந்தச் சுருக்குவழி கிடையாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எனவே ஏதாவது ஒரு ட்ரைவர் டிஸ்க்கில் எழுதிவைக்கும் இந்த ‘ஹைபர்னேட்’ கட்டத்தில் முரண்டு பிடித்தால், ரீஸ்டார்ட் நன்றாக இருக்கும், ஷட் டவுன் மட்டும் தொங்கும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

உறுதி செய்துகொள்ள, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒருமுறை மட்டும் முழு ஷட் டவுன் நடக்கும். இப்படிச் செய்தால் சுத்தமாக அணைகிறது என்றால் குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்ற வரியைக் கிளிக் செய்யுங்கள். கீழே உள்ள கட்டங்கள் மங்கலாக இருக்கும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்பதைத் தொட்டால் அவை உயிர்பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் இதனால் இழப்பது சில நொடிகள்தான். ஹார்ட் டிஸ்க் என்றால் பூட் ஆகும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். எங்கள் கருத்தில், எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இதை நிறுத்திவைப்பதே நல்லது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பிறகு இந்த டிக் தானாகத் திரும்பி வந்துவிடுவதுண்டு. பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டினால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

ஷிஃப்ட் முறையிலும் ஃபேன் நிற்கவில்லையா? இன்டெல் ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டர் என்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ‘மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்’ என்ற ட்ரைவர். டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் பிரிவில் இருக்கும். மதர்போர்டிலுள்ள அந்தச் சிறு கட்டுப்பாட்டுப் பகுதியும் விண்டோஸும் ஒத்துப்போகவில்லை என்றால் திரை அணைந்தும் மின்சாரம் நிற்காது. விண்டோஸ் அப்டேட் தரும் பொதுப் பதிப்பை நம்பாமல், உங்கள் லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே தரப்பட்ட பதிப்பை நிறுவுங்கள். சிப்செட் ட்ரைவரையும் அங்கிருந்தே எடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர மற்ற எல்லா யூஎஸ்பி கருவிகளையும் கழற்றிவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். சில ஹப்கள் தங்கள் மின்சாரத்தைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கே திருப்பி அனுப்பும். விளக்குகள் அணையாமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. மதர்போர்டு பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, இணைத்தால் எஸ்எம்பிஎஸ் இயங்கும், விடுவித்தால் நிற்கும். இந்த ஒயர் 24 பின் கனெக்டரில் 16-ஆவது பின்னில் இருக்கும். சோதிக்க, மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 பின் கனெக்டரையும் ப்ராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். எதனோடும் இணைக்காத எஸ்எம்பிஎஸ் அமைதியாக இருக்க வேண்டும். அதன் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்ற வேண்டியதுதான். அதைத் திறந்து பழுதுபார்க்க முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கே: தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜர் 11 நாட்களாகக் கம்ப்யூட்டர் ஓடுவதாகக் காட்டுகிறது. ஏன்?

ப: மேலே சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். கெர்னல் ஒருமுறைகூட முழுதாக இறங்கி ஏறவில்லை. அதனால் ‘அப் டைம்’ கணக்கு தொடர்கிறது. கம்ப்யூட்டர் உண்மையில் அணைந்துதான் இருந்தது, மின்சாரம் பெரிதாகச் செலவாகவில்லை. வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

கே: ‘ஷட்டிங் டவுன்’ என்ற எழுத்தும் சுழலும் வட்டமும் பத்து நிமிடம் நிற்கின்றன. பிறகு தானாக அணைகிறது. எந்த ப்ரோகிராம் தாமதிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஊகிக்கவே வேண்டாம், விண்டோஸே எழுதிவைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்ற வரிசையில் உள்ளே போங்கள். அங்கே 200 என்ற எண்ணுள்ள பதிவு, ஷட் டவுன் மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று மில்லி நொடிகளில் சொல்லும். 201 என்றால் தாமதித்தது ஒரு ப்ரோகிராம், 202 என்றால் ஒரு கருவியின் ட்ரைவர், 203 என்றால் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் ப்ரோகிராம். பெயரும் அதிலேயே இருக்கும்.

அங்கே எதுவும் பதிவாகவில்லை என்றால், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையிலேயே காட்டச் சொல்லலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்ற இடத்துக்குப் போய், ‘வெர்போஸ்ஸ்டேட்டஸ்’ என்ற பெயரில் புதிதாக ஒரு 32 பிட் டிவேர்டு உருவாக்கி மதிப்பை 1 ஆக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். அடுத்த ஷட் டவுனில் வெறும் ‘ஷட்டிங் டவுன்’ என்பதற்குப் பதிலாக, எந்த வேலை நடக்கிறது, எந்த சர்வீஸ் நிறுத்தப்படுகிறது என்று வரிவரியாக வரும். நீண்ட நேரம் நிற்கும் வரியை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு தீர்ந்ததும் மதிப்பை 0 ஆக்கிவிடலாம்.

பெயர் கிடைத்தும் அது எதற்குச் சொந்தம் என்று புரியவில்லை என்றால் பாதிபாதியாகக் கழிக்கும் முறை இருக்கிறது. ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் கொடுத்து, சர்வீசஸ் பகுதியில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் செய்யுங்கள். இதை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களையும் நிறுத்திவிடுவீர்கள், எச்சரிக்கை. மீதி இருப்பவற்றில் பாதியை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு ஷட் டவுன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். தாமதம் போய்விட்டால் நிறுத்திய பாதிக்குள் குற்றவாளி இருக்கிறான். போகவில்லை என்றால் மற்ற பாதியில். 20 சர்வீஸ்கள் இருந்தாலும் ஐந்து சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்பீர்கள். ப்ரின்டர் மென்பொருள், பேக்கப் மென்பொருள், இரண்டாவதாக நிறுவிய ஆன்டிவைரஸ் ஆகியவற்றின் மேல் முதலில் கண் வையுங்கள். அதே சன்னலில் பூட் பகுதியில் உள்ள சேஃப் பூட் கட்டத்தைத் தொட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ‘கம்ப்யூட்டரைப் பாதுகாக்க’ என்று சொல்லும் சில மென்பொருள்கள் ‘க்ளியர்பேஜ்ஃபைல்அட்ஷட்டவுன்’ என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கிவிடும். அப்படியானால் ஒவ்வொரு ஷட் டவுனிலும் மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைல் முழுவதையும் விண்டோஸ் பூஜ்ஜியங்களால் நிரப்பும். நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் 8 ஜிபி பேஜ் ஃபைலுக்கு இதற்கு மட்டும் 80 நொடி ஆகும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது 0-வாக இருக்கலாம்.

கே: ஷட் டவுன் வேகமாக நடக்க ‘வெயிட்டுகில்சர்வீஸ்டைம்அவுட்’ மதிப்பை 1000 ஆக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ப: வேண்டாம். சர்வீஸ்கள் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள விண்டோஸ் 10 தரும் அவகாசமே 5000 மில்லி நொடி, அதாவது ஐந்து நொடிதான். அதை ஒரு நொடியாகக் குறைத்தால், டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருக்கும் சர்வீஸையும் பாதியில் வெட்டிவிடும். பத்து நிமிடத் தாமதத்துக்குக் காரணம் இந்த ஐந்து நொடி இல்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வழி.

கே: ஷட் டவுன் செய்ததும் கம்ப்யூட்டர் அணைந்து, இரண்டு நொடியில் தானாக மறுபடி ஆன் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கினால்தான் ஓய்கிறது.

ப: இரண்டு காரணங்கள் முன்னால் நிற்கின்றன.

முதலாவது, ஷட் டவுனின் கடைசிக் கட்டத்தில் ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது. அப்படி வந்தால் உடனே ரீஸ்டார்ட் செய்யும்படி விண்டோஸ் இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் உங்களுக்கு ரீஸ்டார்ட் மட்டும்தான் தெரிகிறது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதி, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி, அதில் செட்டிங்ஸ். அங்கே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் அப்படியே நிற்கும். ‘ட்ரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று இருந்தால், ஏதோ ஒரு கருவி மின்சாரத்தை விட்டுவிட ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். நெட்வொர்க், வைஃபை, கிராஃபிக்ஸ் ட்ரைவர்களை இந்த வரிசையில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். அண்மையில் புதுப்பித்த பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் ட்ரைவர்’ கொடுங்கள்.

ஈவன்ட் வியூவரும் சாட்சி சொல்லும். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், ஃபில்டர் பெட்டியில் 41, 1074, 6006, 6008 என்ற எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். 1074 என்பது யார் அணைக்கச் சொன்னது, அணைக்கச் சொன்னதா ரீஸ்டார்ட் செய்யச் சொன்னதா என்ற பதிவு. 6006 இருந்தால் விண்டோஸ் முறையாக மூடியது. 41-ம் 6008-ம் இருந்தால் முறையாக மூடாமலே கம்ப்யூட்டர் நின்றது.

6006 ஒழுங்காக இருந்தும் கம்ப்யூட்டர் எழுகிறது என்றால் இரண்டாவது காரணத்துக்கு வாருங்கள்: வெளியிலிருந்து ஏதோ ஒன்று ஆன் செய்கிறது. கேபினட்டின் பவர் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொள்வது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கும். பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரண்டு ஒயர் கொண்ட சிறு கனெக்டரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி மட்டும் தொட்டு ஆன் செய்யுங்கள். பிறகு விண்டோஸிலிருந்து ஷட் டவுன் கொடுங்கள். இப்போது அணைந்தே இருந்தால் பட்டன்தான் கெட்டிருக்கிறது. ரீசெட் பட்டன் வேலை செய்தால், அதன் கனெக்டரைப் பவர் பின்களில் மாட்டித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

பட்டனிலும் குறை இல்லை என்றால் பயாஸ் அமைப்பில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், பவர் பகுதியைப் பாருங்கள். நெட்வொர்க் மூலம் ஆன் ஆவது, கீபோர்டு அல்லது மவுஸ் மூலம் ஆன் ஆவது, குறித்த நேரத்தில் ஆன் ஆவது ஆகிய மூன்றையும் டிசேபிள் செய்யுங்கள். ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பதை ‘பவர் ஆஃப்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும்.

‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்தபோது மட்டும் இப்படி நடந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அது விண்டோஸிலேயே நெடுநாள் இருந்த பிழை. விண்டோஸ் 11-க்கு 2025 அக்டோபர் இறுதியில் வந்த அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. அப்டேட்டுகளை முழுமையாக நிறுவிக்கொள்ளுங்கள்.

கே: நள்ளிரவில் கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொள்கிறது.

ப: ‘விழித்துக்கொள்கிறது’ என்றால் அது ஸ்லீப்பில் இருந்திருக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு லாஸ்ட்வேக் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். அதே இடத்தில் வேக்டைமர்ஸ் என்று கொடுத்தால், இனி எழுப்பக் காத்திருக்கும் நேரக் கட்டளைகள் தெரியும். நெட்வொர்க் கார்டு அல்லது மவுஸ் என்று வந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் ‘அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்’ டிக்கை எடுத்தால் போதும்.

கே: ஷட் டவுனுக்குப் பிறகும் மவுஸின் சிவப்பு விளக்கு எரிகிறது. கோளாறா?

ப: இல்லை. எஸ்எம்பிஎஸ் அணைந்த நிலையிலும் ஊதா ஒயரில் 5 வோல்ட் தொடர்ந்து வரும். பவர் பட்டன் வேலை செய்வதே அதனால்தான். அதில் ஒரு பங்கு யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் போகிறது. விளக்கு வேண்டாம் என்றால் பயாஸில் ‘ஈஆர்பி’ என்ற அமைப்பை எனேபிள் செய்யுங்கள். அதன் பிறகு கீபோர்டாலோ நெட்வொர்க்காலோ கம்ப்யூட்டரை ஆன் செய்ய முடியாது.

கே: அணையாதபோது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறேன். சில நேரம் பிளக்கைப் பிடுங்குகிறேன். இதனால் என்ன கெடும்?

ப: எழுதி முடியாத தகவல் கெடும். நீங்கள் ‘சேவ்’ கொடுத்ததும் எல்லாம் டிஸ்க்கில் பதிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி சிறிது நேரம் மெமரியிலும் டிஸ்க்கின் சொந்த கேஷிலும் காத்திருக்கும். ஷட் டவுனின் முக்கியமான வேலையே இவற்றை எழுதி முடிப்பது. விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வதால் ஃபோல்டர் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பாதி எழுதப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு சேதமும் உண்டு: மின்சாரம் திடீரென்று போனால், ஹெட் அவசரமாகப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அது வழக்கமாக ஒதுங்குவதைவிடக் கடுமையானது.

இதுவரை எத்தனை முறை நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், ஹார்ட் டிஸ்க்குக்கு சி0 என்ற வரியையும், என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ என்ற வரியையும் பாருங்கள். வாராவாரம் அந்த எண் ஏறுகிறது என்றால், ஷட் டவுன் கோளாறைத் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்.

கம்ப்யூட்டர் தொங்கும்போது முதலில் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, கை வைக்காதீர்கள். அப்டேட் நடக்கிறது என்ற அறிவிப்பு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கலாம். விளக்கு அசைவற்று இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்துங்கள். திரை வந்தால், கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி வலது மூலையிலுள்ள பவர் சின்னத்தைக் கிளிக் செய்யுங்கள். எமர்ஜென்சி ரீஸ்டார்ட் வரும். சேமிக்காத வேலை போய்விடும் என்றாலும் பட்டனைப் பிடிப்பதைவிட மேல். அதற்கும் பதில் இல்லை என்றால்தான் பவர் பட்டன். நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். சில லேப்டாப்களுக்குப் பத்து பதினைந்து நொடி வேண்டும். பிளக் கடைசி. மறுபடி ஆன் ஆனதும் சி ட்ரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் ‘செக்’ கொடுங்கள்.

கே: உபுண்டு லினக்ஸில் ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று வந்து ஒன்றரை நிமிடம் எண்ணுகிறது.

ப: அணையும்போது, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸையும் ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும். 90 நொடிக்குள் முடிக்காததை வலுக்கட்டாயமாக நிறுத்தும். அந்த வரியின் இறுதியில் சர்வீஸின் பெயர் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் மட்டும் தெரிந்தால் எஸ்கேப் விசையை அழுத்தினால் வரிகள் வரும். மறுபடி பூட் ஆனதும் டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை மைனஸ் பி மைனஸ் 1 மைனஸ் இ என்ற குறிகளோடு கொடுங்கள். முந்தைய முறையின் கடைசி வரிகள் திறக்கும்.

நெட்வொர்க் ஃபோல்டர்களை மவுன்ட் செய்திருந்தால் அவற்றைச் சந்தேகப்படுங்கள். நெட்வொர்க் முதலில் போய்விட்டால், பதில் தராத சர்வருக்காக லினக்ஸ் காத்துக் கிடக்கும். அணைக்கும் முன் அன்மவுன்ட் செய்து பாருங்கள். சிஸ்டம் டாட் கான்ஃப் கோப்பில் ‘டிஃபால்ட்டைம்அவுட்ஸ்டாப்செக்’ மதிப்பை 90-லிருந்து 20 நொடியாகக் குறைக்கலாம்; டேட்டாபேஸ் எதுவும் ஓடாத வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்.

அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால், அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் பார்ட்டிஷன் ஹைபர்னேட் நிலையிலேயே இருப்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.